சிலேத்தாரிலிருந்து சிறுவிமானம் ஓட்டுவோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் பயிற்சிக்குச் சேர நினைப்பவர்களும், உரிமம் வாங்கிப் புதிதாகப் பறக்கத் தொடங்கியவர்களும் மாறி மாறிக் கேட்கும் சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. கணக்குப் போடும் இடங்களில் பலருக்கும் பழக்கமான செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொண்டோம். நீங்கள் ஓட்டுவது வேறு என்றால் அந்த விமானத்தின் கையேட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கடைசியாக வெளியிட்டது எதுவோ அதுவே செல்லும்.

கண்ணாடி போட்டிருக்கேன். பைலட் லைசென்ஸ் எடுக்க முடியுமா?

முடியும். தனியார் விமானி உரிமத்துக்கு, அதாவது பிபிஎல்லுக்கு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்துவிட்டால் போதும். கண்ணாடி அணிந்தே ஓட்ட வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்று உடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சான்றிதழில் ஏறும். அந்த மாற்றுக் கண்ணாடி சட்டைப்பையிலோ கதவுப்பையிலோ இருக்கட்டும். பின்சீட்டுப் பைக்குள் கிடப்பது ஆபத்து நேரத்தில் கைக்கு வராது.

நிறப்பார்வை, ரத்த அழுத்தம், வலிப்பு, நீரிழிவு ஆகியவைதான் உண்மையில் சிக்கல் தருபவை. நீரிழிவு நம் குடும்பங்களில் சர்வசாதாரணம் என்பதால் அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவரிடம் போய்வாருங்கள். இன்னொன்று: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்காதீர்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே கருவித் திரைகள் கறுத்துப்போகும்.

40 மணி நேரம் பறந்தா லைசென்ஸ் கிடைச்சிடுமா?

40 மணி என்பது அனைத்துலக சிவில் விமான அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவு. அதில் 10 மணி நேரம் தனியாக ஓட்டியிருக்க வேண்டும். அந்தப் பத்தில் 5 மணி நேரம் தொலைப்பயணம். அவற்றுள் ஒரு பயணம் 150 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி எழுந்ததாக இருக்க வேண்டும். குறைந்த வயது 17.

இந்தத் தீவின் கிழக்கு மேற்கு நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆக 150 கடல் மைலுக்கு மலேசியாவுக்குள் போயே ஆக வேண்டும். கடப்பிதழ், பறத்தல் திட்டம், அனுமதி எல்லாம் சேர்ந்துகொள்ளும். வானிலை ஒருநாள் கெட்டால் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. வாரம் ஒருமுறை மட்டும் வருபவர்களுக்கு முந்தைய பாடத்தை நினைவுபடுத்தவே பாதி நேரம் போய்விடும். பட்ஜெட்டை 40 மணிக்குப் போடாமல் 60க்குப் போட்டுவையுங்கள்.

இங்கயே படிக்கிறதா, ஆஸ்திரேலியா போறதா?

மாணவராக இருந்தால் முதலில் சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பைப் பாருங்கள். 1971இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு அரசாங்க ஆதரவில் சிலேத்தாரில் டைமண்ட் டிஏ40 விமானங்களில் பயிற்சி தருகிறது. தேர்வு கடினம். ஆனால் இவ்வளவு குறைந்த செலவில் வேறெங்கும் கிடைக்காது.

மற்றவர்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் பெரிய ஆதாயம் வான்வெளி. இங்கே சாங்கி, பாய லேபார், தெங்கா என்று சுற்றிலும் விமானத் தளங்களின் கட்டுப்பாட்டு வான்வெளி. நினைத்த இடத்தில் ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) பயிற்சி செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் திறந்த வெளி கிடைத்துவிடும், தினமும் பறக்கலாம். அங்கே கிடைக்காதது நம் வானிலையும் நம் ரேடியோ நெரிசலும். அங்கே படித்துவிட்டு வருபவர்கள் உரிமத்தை மாற்றிக்கொள்வதோடு நிறுத்தாமல், பயிற்றுநரோடு பத்து மணி நேரமாவது சிலேத்தாரில் பறந்துவிட்டுத்தான் பயணிகளை ஏற்ற வேண்டும். ஆணையம் கேட்பது அதைவிடக் குறைவாக இருந்தாலும் எங்கள் யோசனை இதுதான்.

வீட்டு கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் ஓட்டினா மணிக்கணக்குல சேருமா?

சேராது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாதனத்தில் பயிற்றுநரோடு செய்வது மட்டுமே, அதுவும் அதிகபட்சம் 5 மணி நேரம், மேலே சொன்ன 40இல் சேரும். எக்ஸ்பிளேன் போன்றவை செக்லிஸ்ட் வரிசைக்கும் ரேடியோ பேச்சுக்கும் வழி பழகுவதற்கும் நல்லவை. தரையிறக்கத்துக்கு உதவாது. திரையையே வெறித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அதை மாற்றப் பயிற்றுநருக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

ரேடியோல வேகமா பேசுறாங்க, புரியல. என்ன செய்றது?

உரிமத்தில் ஆங்கில மொழித்திறன் நிலை குறிக்கப்படும். குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஆனால் ரேடியோவில் தடுமாறுவதற்கும் ஆங்கில அறிவுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாததால்தான் காது தவறவிடுகிறது. டவர் சொல்லக்கூடியது எப்போதும் ஐந்தாறு விஷயங்களுக்குள்தான் இருக்கும்: ஓடுபாதை, கியூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம்), ஸ்குவாக் எண் (ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் எண்), உயரம், திசை, காத்திரு அல்லது போகலாம். முழங்கால் பலகையில் இவற்றுக்குக் கட்டங்கள் போட்டுவைத்து, கேட்கக் கேட்க நிரப்புங்கள்.

ஓடுபாதை தொடர்பான எந்த அனுமதியையும், கியூஎன்எச், ஸ்குவாக், உயரம், திசை, வேகம் ஆகியவற்றையும் அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். 'ராஜர்' என்று மட்டும் சொன்னால் செல்லாது. புரியவில்லை என்றால் 'ஸே அகெய்ன்' என்று கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் உங்கள் அழைப்புக்குறியின் முதல் எழுத்து அறுபட்டுப் போகும்.

காலைல போனா மழை இருக்காதுதானே?

எப்போதும் அப்படியில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று வரும் காலம். மலாக்கா நீரிணையில் இரவில் உருவாகும் இடிமேக வரிசை விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் நம்மைக் கடந்துபோகும். முன்னால் வரும் வேகக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். ஏழு மணிக்கு வானம் வெளுத்திருக்கும்போதே மேற்கில் கறுப்புக் கோடு தெரிந்தால் விமானத்தை அவிழ்க்காதீர்கள். ஏற்கெனவே அவிழ்த்திருந்தால் மறுபடி கட்டுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சூறைக்காற்று வராத நாள்களில் இதற்கு நேர்மாறு. காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடி. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் தூறும், மேகத்தளம் தாழ்ந்திருக்கும். புறப்படும் முன் மழை ரேடார் படத்தைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஒற்றைப் படம் எதையும் சொல்லாது. மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, வளர்கிறதா கரைகிறதா என்பதே தேவை. வலுத்த இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல் விலகியிருங்கள். நம் தீவின் அளவை யோசித்தால், மேலே இடிமேகம் இருக்கும் நாளில் விலக இடமே இல்லை என்பது விளங்கும்.

புகைமூட்டத்துல பிஎஸ்ஐ 80தான், பறக்கலாமா?

பிஎஸ்ஐ என்னும் காற்று மாசுக் குறியீடு மூச்சுக்கான அளவு. அதுவும் 24 மணி நேரச் சராசரி. பார்வைத்தூரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கான விதிகளின்படி 10,000 அடிக்குக் கீழே கட்டுப்பாட்டு வான்வெளியில் பறக்க 5 கிலோமீட்டர் பார்வைத்தூரமும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேல்கீழாக 1,000 அடியும் இடைவெளி வேண்டும். விமான நிலைய வானிலை அறிக்கையில் இருக்கும் பார்வைத்தூர எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணும் தரையில் அளந்ததுதான். 2,000 அடியில், சூரியனை எதிர்கொண்டு, கடலுக்கு மேலே போகும்போது அடிவானமே தெரியாமல் போகலாம்.

1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் போவதுபோன்ற நிலையில் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள் தாக்குப்பிடித்தார்கள். அடிவானம் மறையத் தொடங்கியதுமே திரும்பிவிடுங்கள்: கண் செயற்கை அடிவானக் கருவியில், 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் சுமார் 17 பாகைச் சாய்வு, ஒரு நிமிடத்தில் 180 பாகை. உயரத்தை மாற்ற வேண்டாம். திரும்பி முடித்த பிறகு ரேடியோவில் சொல்லுங்கள்.

புத்தகத்துல போட்ட மாதிரி விமானம் ஏற மாட்டேங்குது. இன்ஜின் கோளாறா?

பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். கையேட்டின் அடிப்படை 15 பாகை செல்சியஸ். சிலேத்தாரில் மதியம் 32. வித்தியாசம் 17. ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி என்று வைத்தால் 2,040 அடி. கடல்மட்டத்தில் நின்றாலும் உங்கள் இன்ஜினும் இறக்கையும் 2,000 அடி உயரத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். ஈரப்பதம் இதை இன்னும் கொஞ்சம் கூட்டும், பெரும்பாலான அட்டவணைகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

172எஸ் முழு எடையில், 30 பாகையில், காற்றில்லாதபோது 50 அடித் தடையைத் தாண்ட ஏறக்குறைய 550 மீட்டர் வேண்டும். இது புது விமானம், கைதேர்ந்த விமானி, காய்ந்த ஓடுபாதை ஆகியவற்றுக்கான எண். 1.33ஆல் பெருக்குங்கள், 730 மீட்டர் ஆகிறது. சிலேத்தாரின் 1,836 மீட்டரில் இது தெரியாது. மலேசியாவின் தியோமான் தீவில் உள்ள ஏறக்குறைய 1,000 மீட்டரில், ஒருபக்கம் மலை நிற்க, நன்றாகத் தெரியும்.

நாலு சீட் இருக்கு. அம்மா அப்பா மாமா எல்லாரையும் கூட்டிட்டு தியோமான் போகலாமா?

சீட்டை எண்ணாதீர்கள், கிலோவை எண்ணுங்கள். 172எஸ்ஸின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,157 கிலோ. வெற்று எடை ஒவ்வொரு விமானத்துக்கும் வேறுபடும், 765 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 392. தொட்டி நிறைய, பயன்படுத்தக்கூடிய 200 லிட்டர் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) ஊற்றினால் லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 போய்விடும். ஆட்களுக்கும் பைகளுக்கும் 248 கிலோ. எண்பது கிலோவில் மூன்று பேர் உட்கார்ந்தால் மீதி எட்டு கிலோ.

எரிபொருளைக் குறைக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டும். சிலேத்தாரிலிருந்து தியோமான் நேர்கோட்டில் 86 கடல் மைல். கொடுக்கப்படும் வழியில் 100 என்று கொள்ளுங்கள். போகவர இரண்டு மணி நேரம், மணிக்கு 34 லிட்டர் வீதம் 68. பகலில் பறக்கக் கையிருப்பாக வைக்க வேண்டிய 30 நிமிடத்துக்கு 17. தியோமானில் இறங்க முடியாமல் திரும்பிவந்து, சிலேத்தாரில் மழை என்று வேறு இடம் போவதற்கு இன்னும் ஒரு மணி நேரம், 34. மொத்தம் 119 லிட்டர், 86 கிலோ. இப்போது ஆட்களுக்கு 306 கிலோ கிடைக்கிறது. ஒல்லியான நால்வருக்குச் சரி. அங்கே எரிபொருள் போட்டுக்கொள்ளலாம் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எடை உள்ளே வந்தாலும் ஈர்ப்புமையம் பின்னால் போயிருக்கலாம். கனமானவரை முன்னால், பையைச் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி. உறவினரிடம் எடை கேட்கச் சங்கடமாக இருந்தால் தராசைக் கொண்டுபோய் வையுங்கள், ஏறி நிற்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் எடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

தினமும் எரிபொருள் சாம்பிள் எடுக்கணுமா? நேத்துதானே பார்த்தோம்?

நேற்றைக்குப் பிறகு ஓர் இரவு கடந்திருக்கிறது. பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகச் சேரும். மழை பெய்திருந்தால் மூடியின் ரப்பர் வளையம் வழியாகவும் இறங்கும். 172எஸ்ஸில் 13 வடிகால்கள் உண்டு: ஒவ்வோர் இறக்கையிலும் ஐந்து, அடியில் மூன்று. அடியில் உள்ளவற்றைக் குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு விடுபவர்கள் நிறைய. நீர் கடைசியில் போய்த் தங்குவதே அங்கேதான்.

100 எல்எல் அவ்காஸ் நீல நிறம். நீர் கனமானது என்பதால் குவளையின் அடியில் தெளிந்த குமிழாகவோ ஒரு கோடாகவோ தெரியும். ஏமாறும் இடம் ஒன்று உண்டு: குவளை முழுக்க நீராக இருந்தால் கோடே இருக்காது. வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். டீசல் இன்ஜின் டிஏ40 ஜெட் ஏ1இல் ஓடுவது, செஸ்னா அவ்காஸில் ஓடுவது. இரண்டும் ஒரே தளத்தில் நிற்பதால் எரிபொருள் வண்டி வரும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இந்த வெயில்ல கார்புரேட்டர்ல ஐஸா? சும்மா சொல்றாங்களா?

உண்மைதான். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் வெப்பம் 20 பாகைக்கும் மேல் விழலாம். வெளியே 28 பாகையும் எக்கச்சக்க ஈரமும் இருந்தால் உள்ளே பனி பிடிக்கப் போதும். இறங்கும்போது இன்ஜின் விசையைக் குறைக்கும் 'திராட்டில்' பிடி மூடியிருக்கும் நேரம்தான் மோசமானது. பனி சேர்வதைக் காட்டும் முதல் அறிகுறி, கோணம் மாறாத விசிறி கொண்ட விமானத்தில், காரணமில்லாமல் மெல்லக் குறையும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழல்வேகம்).

கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுங்கள், பாதியாக வேண்டாம். ஆர்பிஎம் முதலில் இன்னும் விழும், இன்ஜின் இருமும், பிறகு ஏறும். அந்த இருமலைக் கேட்டுப் பயந்து உடனே மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. உருகிய நீர் இன்ஜினுக்குள் போகும் சத்தம் அது. 172எஸ்ஸுக்கு இந்தக் கவலை இல்லை, அதில் எரிபொருள் நேராகப் பீய்ச்சப்படுகிறது. பழைய 172என், 172பி மாடல்களில் கார்புரேட்டர் உண்டு.

பிட்டோட் கவர் ஒவ்வொரு தடவையும் போடணுமா? ஒரு மணி நேரத்துல திரும்பிடுவோமே?

போடுங்கள். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிட்டோட் குழாயைக் குளவி மண் கொண்டுவந்து அடைக்க ஒரு மணி நேரம் தாராளம். 2018 ஜூலையில் பிரிஸ்பனில் இதே குளவிக்காகப் போட்ட உறைகளைக் கழற்ற மறந்து, மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று வேகமானி வேலைசெய்யாமலே மேலேறியது. பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். பல பேர் சுற்றிப் பார்த்த பெரிய விமானத்திலேயே விட்டுப்போகிறது. ஆகவே உறையில் நீளமான சிவப்பு நாடா இருக்கட்டும். கழற்றியதும் அதைக் காக்பிட்டில் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள்.

குழாயின் முனை மட்டும் அடைத்து, வடிகால் ஓட்டை திறந்திருந்தால் வேகமானி சுழியத்துக்கு விழும். இரண்டுமே அடைத்தால்தான் ஆபத்து: ஏற ஏற வேகம் கூடுவதுபோல் காட்டும், மூக்கைத் தூக்கச் சொல்லி ஏமாற்றும். ஓடுபாதையில் வேகமானி உயிர்பெறுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இதற்குத்தான். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஹெட்செட் எது வாங்கலாம்? போஸ் வாங்கினாதான் நல்லதா?

பயிற்சிக் காலத்துக்கு டேவிட் கிளார்க் எச்10-13.4 போன்ற சாதாரண ஹெட்செட் போதும். நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். தொடர்ந்து பறக்கப்போகிறீர்கள் என்று உறுதியான பிறகு போஸ் ஏ30, லைட்ஸ்பீட் ஜூலு 3 போன்ற இரைச்சல் நீக்கிகளைப் பாருங்கள். சிறுவிமானங்களுக்கான இரட்டைப் பிளக் உள்ளதா என்று சரிபாருங்கள். ஹெலிகாப்டர் பிளக் ஒற்றை, பொருந்தாது.

நம் ஊரில் காதுப்பட்டைக்குள் வியர்வை தேங்கும், மைக்கின் பஞ்சில் பூஞ்சை பிடிக்கும். துணி உறை போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். கண்ணாடிக்கம்பு தடிமனாக இருந்தால் பட்டை சரியாக ஒட்டாமல் இரைச்சல் நுழையும், மெல்லிய கம்புள்ள கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கி போட்டால் இன்ஜின் சத்தத்தில் வரும் சிறு மாற்றம் காதுக்கு எட்டாது. எண்ணெய் அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் கண் கூடுதலாகத் தேட வேண்டும்.

ஐபேட் பாதி வழியில சூடாகி அணைஞ்சுபோச்சு. என்ன பண்றது?

ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்ப வரம்பு 35 பாகை. வெயிலில் நிறுத்திய காக்பிட் அதைச் சுலபமாகத் தாண்டும். விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஐபேடை உள்ளே வைத்துவிட்டுப் போகாதீர்கள். முன்கண்ணாடியில் ஒட்டாமல் தாழ்வாக, காற்றுத்துளைக்கு அருகே மாட்டுங்கள். தடித்த உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், மேலே போய் அறை குளிரும்வரை சார்ஜ் போடாதீர்கள். அதே செயலியும் இறக்கிவைத்த வரைபடமும் கைப்பேசியிலும் இருக்கட்டும். திசை, நேரம், அலைவரிசை எழுதிய ஒரு தாள் முழங்காலில் இருந்தால் இரண்டும் அணைந்தாலும் வீடு வந்துசேரலாம்.

அமெரிக்க யூடியூப் பார்த்துக் மற்ற விமானங்கள் ஒலிபரப்பும் இடத்தைக் காட்டும் கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். அங்கே இலவசமாக வரும் வானிலைப் படம் 978 மெகாஹெர்ட்ஸில் தரைநிலையங்கள் அனுப்புவது. இங்கே அந்தச் சேவை கிடையாது. 1090இல் ஒலிபரப்பும் விமானங்கள் மட்டும் தெரியும். ஒலிபரப்பாதவை தெரியாது, ஆகவே திரை காலியாக இருப்பதால் வானம் காலி என்று ஆகாது. பவர் பேங்க் கொண்டுபோனால் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், சீட் தண்டவாளத்தில் நசுங்கும் இடத்தில் வேண்டாம்.

கடலுக்கு மேல இன்ஜின் நின்னா கரைக்கு வந்துட முடியுமா?

மலேசியாவின் மெர்சிங் கரையிலிருந்து தியோமானின் தெக்கெக் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 30 கடல் மைல். 172எஸ் 68 நாட் வேகத்தில் சறுக்கினால் 1,000 அடிக்கு 1.5 கடல் மைல் போகும், காற்று எதிர்க்காவிட்டால். 6,500 அடியில் போனால் ஏறத்தாழ 10 கடல் மைல். இரு கரையிலிருந்தும் பத்துப் பத்து கழித்தால் நடுவில் 10 கடல் மைல் எந்தக் கரைக்கும் எட்டாத நீர். 110 நாட் வேகத்தில் அது ஐந்தரை நிமிடம். 3,000 அடியில் போனால் 21 கடல் மைல், பன்னிரண்டு நிமிடத்துக்கு நெருக்கம். உயரம் கேட்டு வாங்குங்கள். மேகம் இடம் தராத நாளில் எத்தனை நிமிடம் பணயம் வைக்கிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கும். வழியில் உள்ள சிறு தீவுகளில் ஓடுபாதை இல்லை, ஆனால் படகுள்ள கரைக்கு அருகே இறங்குவதும் நடுக்கடலில் இறங்குவதும் ஒன்றல்ல.

உயிர்காப்பு அங்கி சீட்டுக்கு அடியில் இருந்தால் பயனில்லை, இடுப்பில் பைபோலக் கட்டும் வகையை ஏறும்போதே அணிய வேண்டும். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் படகு அங்கியை விமானத்துக்குள் அணியவே கூடாது. அறைக்குள் நீர் புகுந்ததும் அது ஊதி, உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும், கீழே இருக்கும் கதவுக்கு இறங்க முடியாது. கையால் இழுக்கும் வகைதான் சரி, அதையும் வெளியே வந்த பிறகே இழுக்க வேண்டும்.

இறங்கும்போது அலைமுகட்டுக்கு இணையாக இறங்குங்கள். சக்கரம் மடங்காத விமானம் குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். நீரைத் தொடும் முன் கதவைத் திறந்து இடுக்கில் செருப்பையோ கையேட்டையோ செருகுங்கள், ஹெட்செட் வயரைக் கழற்றுங்கள், ஒரு கை கதவுச் சட்டத்தில் இருக்கட்டும். அசைவு நின்ற பிறகு பெல்ட்டை அவிழுங்கள். தலைகீழாகத் தொங்கும்போது அந்தக் கை மட்டும்தான் கதவு எந்தப் பக்கம் என்று சொல்லும். இதையெல்லாம் பயணிகளுக்குத் தரையில் ஒருமுறை செய்துகாட்டுங்கள், பெல்ட் அவிழ்ப்பது உட்பட. காருக்கும் விமானத்துக்கும் கொக்கி வேறு.

விமானத்துலயே இஎல்டி இருக்கே. தனியா பிஎல்பி எதுக்கு?

இஎல்டி என்பது மோதலின் அதிர்ச்சியில் தானே இயங்கும் அவசர இடங்காட்டி. மேலே சொன்னபடி விமானம் நீரில் மூழ்கினால் அதன் ஆன்டெனாவும் மூழ்கும், சமிக்ஞை வெளியே வராது. பிஎல்பி ஆள் வைத்துக்கொள்ளும் இடங்காட்டி, உங்கள் உடம்போடு வெளியே வரும். அங்கியின் பையில் கயிற்றால் கட்டி வையுங்கள், ஆன்டெனாவை வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள். நீரில் மிதந்தாலும் கையில் உயர்த்திப் பிடித்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

406 மெகாஹெர்ட்ஸ் வகைதானா என்று பாருங்கள். 121.5ஐ மட்டும் நம்பும் பழைய கருவிகளைத் துணைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நின்றது. வெளிநாட்டில் வாங்கினால் உள்ளே எழுதப்பட்ட நாட்டுக்குறியீடு அந்த நாட்டுடையதாக இருக்கும். பதிவு உங்கள் பெயரில், சரியான நாட்டில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் முதலில் அழைப்பார்கள், அது உங்களோடு பறக்காத ஒருவருடைய எண்ணாக இருக்கட்டும்.

சிலேத்தார்ல ஏறின உடனே இன்ஜின் நின்னா ரன்வேக்கே திரும்பிடலாமா?

குறைந்த உயரத்தில் கூடாது. ஓடுபாதைக்குத் திரும்ப 180 பாகை போதாது. பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள், ஆகவே 210க்கு மேல் திரும்பி மறுபடி நேராக்க வேண்டும். இறக்கைமடலான ஃபிளாப்பை இறக்காத 172எஸ் 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும். 45 பாகைச் சாய்வில் அது 57, 60 பாகையில் 68. சறுக்குவேகமும் அதே 68. அவசரத்தில் சாய்வைக் கூட்டினால் சரியாகச் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகிவிடும், கீழே மீள உயரம் இருக்காது.

ஓடுபாதை 03இல் கிளம்பினால் எதிரே ஜொகூர் நீரிணை. மூக்கைத் தாழ்த்தி, நேராக நீரில் இறங்கத் தயாராகுங்கள். 21இல் கிளம்பினால் எதிரே ஜாலான் காயு, செங்காங் வீடுகள், அது கடினமான பக்கம். எந்த உயரத்துக்குக் கீழே நேராகத்தான், எதற்கு மேலே திரும்பலாம் என்பதைப் பயிற்றுநரோடு 3,000 அடியில் செய்துபார்த்து, இழந்த உயரத்தோடு பாதியைக் கூட்டி முடிவுசெய்யுங்கள். வெப்பத்தால் ஏற்றம் மந்தமாக இருக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் அந்த எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முன்னால ஜெட் ஒண்ணு இறங்குது. எவ்வளவு இடைவெளி விடணும்?

சிலேத்தாரில் ஏடிஆர் 72களும் தனியார் ஜெட்களும் அதே ஓடுபாதையில். அவை பெரும்பாலும் நடுத்தர எடைப்பிரிவு, நீங்கள் இலகுப்பிரிவு. பின்னால் இறங்க 3 நிமிடம், பின்னால் கிளம்ப 2 நிமிடம், ஓடுபாதையின் நடுவிலிருந்து கிளம்பினால் 3. காற்று மெல்ல வீசும் நாளில்தான் அவற்றின் இறக்கை கிளப்பும் காற்றுச்சுழல் கலையாமல் ஓடுபாதை மேலேயே கிடக்கும், சிலேத்தாரில் அப்படிப்பட்ட காலைகள் நிறைய. அவர்களின் இறங்குபாதைக்கு மேலே இருந்து, அவர்கள் தொட்ட இடத்தைத் தாண்டி இறங்குங்கள். கிளம்பும்போது அவர்கள் எழுந்த இடத்துக்கு முன்பே எழும்புங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று டவரிடம் சொல்லிவிட்டால் இடைவெளி உங்கள் பொறுப்பு. இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள்.

பாராசூட் உள்ள சிரஸ் ஓட்டினா இதெல்லாம் வேண்டாம்ல?

வேண்டும். நேராகப் பறக்கும்போதே, விமானத்தையே தாங்கும் அந்தப் பாராசூட் விரிந்து பிடிக்கச் சில நூறு அடி வேண்டும், சுழலில் ஏறக்குறைய ஆயிரம் அடி. கிளம்பிய முதல் சில விநாடிகளில் அது உதவாது. பலர் அதை இழுக்கத் தயங்கியே உயரத்தை வீணாக்குகிறார்கள், ஆகவே மேலே சொன்ன உயர எண்ணைப்போல இதற்கும் ஓர் எண்ணை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சளிக்கு பிரிட்டோன் போட்டிருக்கேன், விரதமும் இருக்கேன். பறக்கலாமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். பிரிட்டோனில் உள்ள குளோர்ஃபெனிரமின் தூக்கம் தரும். தூக்கம் கலைந்ததாகத் தோன்றிய பிறகும் கவனக்குறைவு நாள்கணக்கில் நீடிக்கலாம். சளியோடு இறங்கும்போது காதும் நெற்றியும் அடைத்து வலிக்கும். எத்தனை நாள் கழித்து என்பதை விமான மருத்துவரிடம் கேளுங்கள், மருந்துக்கடையில் அல்ல.

கந்த சஷ்டியோ ரமலானோ, விரத நாளில் பயிற்சி முன்பதிவு செய்யாதீர்கள். வெயிலில் நின்ற காக்பிட்டில் தண்ணீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் இருந்தால், இறங்கும் நேரத்தில்தான் தலை கிறுகிறுக்கும். விரதத்தை விடச் சொல்லவில்லை, பறக்கும் நாளை மாற்றச் சொல்கிறோம்.

பிரண்ட்ஸ் செலவை ஏத்துக்கிறேங்கிறாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

பிபிஎல் வைத்துக்கொண்டு ஊதியத்துக்கு ஓட்டக் கூடாது. நண்பர் முழுச் செலவையும் கொடுத்து, அவர் சொன்ன இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டால் அது வாடகைப் பயணமாகவே பார்க்கப்படும், பணம் உங்கள் பையில் தங்காவிட்டாலும். உங்கள் பங்கை நீங்களும் கட்டுவதுபோன்ற ஏற்பாடுகளுக்கு என்ன வரம்பு என்று ஆணையத்திடமும் கிளப்பின் காப்புறுதியிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னார் என்பது காப்புறுதி நிறுவனத்திடம் எடுபடாது.

சர்க்யூட்ல இருக்கும்போது ரேடியோ செத்துட்டா?

பெரும்பாலும் சாகவில்லை, பிளக் கழன்றிருக்கும். வரிசையாகப் பாருங்கள்: ஹெட்செட்டின் இரண்டு பிளக், ஒலியளவு, ஆடியோ பேனலில் எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது, அலைவரிசை சரியா, இரண்டாம் ரேடியோ, துணைப்பயணியின் ஹெட்செட். உங்கள் பேச்சுப் பட்டன் அழுந்திச் சிக்கியிருந்தால் நீங்கள் யாரையும் கேட்க மாட்டீர்கள், மற்றவர்களையும் பேசவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பீர்கள், அதையும் பாருங்கள்.

உண்மையிலேயே செத்திருந்தால் ஸ்குவாக் எண் வைக்கும் டிரான்ஸ்பாண்டரில் 7600 வைத்து, ஓடுபாதையைச் சுற்றிவரும் சர்க்யூட்டை அப்படியே தொடர்ந்து டவரின் விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மினுக்கும் பச்சை: இறங்கத் திரும்பி வா. மினுக்கும் சிவப்பு: இறங்காதே, நிலையம் பாதுகாப்பாக இல்லை. மினுக்கும் வெள்ளை: இறங்கி விமான நிறுத்துமிடத்துக்குப் போ. பார்த்தேன் என்று காட்ட, பகலில் இறக்கைகளை ஆட்டுங்கள். புளூடூத் உள்ள ஹெட்செட் என்றால் டவரின் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் முன்பே சேமித்துவையுங்கள், தாழ்வாக இருக்கும்போது அது பலமுறை கைகொடுக்கும்.